ரோலை 35: லைட் மீட்டர் வேலை செய்யாத கேமராவை வாங்கலாமா?

பழைய ரோலை 35 ஃபிலிம் கேமரா விற்பனைக்கு வரும்போது, விளம்பரத்தில் ஒரு வரி அடிக்கடி தென்படும்: 'மீட்டர் வேலை செய்யவில்லை, மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது.' அந்த ஒரு வரிக்காகக் கேமராவை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ரோலை 35-இன் ஷட்டர் முழுக்க முழுக்க இயந்திரத்தால் ஓடுவது. வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் முள்ளைக் காட்டுவதோடு சரி. ஷட்டரையோ அப்பர்ச்சரையோ (லென்ஸின் ஒளித்துளை) அது தொடுவதே இல்லை. முள்ளைப் பார்த்து டயலைத் திருப்புவது உங்கள் விரல்தான். எனவே மீட்டர் அடியோடு போய்விட்டாலும் 1/2 நொடி முதல் 1/500 வரையிலான எல்லா வேகங்களும், எஃப் 3.5 முதல் 22 வரையிலான எல்லா அப்பர்ச்சர்களும் அப்படியே கைவசம் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. 'வேலை செய்யவில்லை' என்று விற்கப்படும் மீட்டர்களில் பல உண்மையில் பழுதானவையே அல்ல. தவறான பேட்டரி, பச்சை பிடித்த தொடுமுனை, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்ட முள், வலுவிழந்த ஒளி செல் என நான்கு வெவ்வேறு கோளாறுகளுக்கும் இந்த ஒரே பெயரைத்தான் வைக்கிறார்கள். முதல் இரண்டையும் வீட்டு மேசையிலேயே சரிசெய்யலாம். மூன்றாவதைச் சில வேளைகளில் சரிசெய்யலாம். நான்காவது வந்தால் மீட்டரை மறந்துவிட்டுக் கேமராவைப் பயன்படுத்துவதே நல்லது.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹைன்ஸ் வாஸ்கே வடிவமைத்த இது 1966 ஃபோட்டோகினா கண்காட்சியில் வெளியானது. 40 மி.மீ. எஃப் 3.5 டெஸ்ஸார் லென்ஸ். கூர்மையில் இன்றைக்கும் குறைசொல்ல இடமில்லை. பிற்பாடு வந்த 35 எஸ் மாடலில் எஃப் 2.8 சோனார். ஃபோகஸ் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வைக்க வேண்டும். லென்ஸை வெளியே இழுத்துத் திருப்பிப் பூட்டினால்தான் ஷட்டர் இயங்கும். திரும்ப உள்ளே தள்ள வேண்டுமானால் முதலில் லீவரை இழுத்து ஷட்டரை ஏற்றியிருக்க வேண்டும். இது தெரியாமல் லென்ஸை வலுக்கட்டாயமாக உள்ளே அழுத்தியதால் கெட்டுப்போன கேமராக்கள் ஏராளம். வாங்கும்போது முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும், மீட்டரை அடுத்துப் பார்க்கலாம்.

மீட்டர் எப்படி இயங்குகிறது

முன்பக்கம் சிறு சன்னலுக்குப் பின்னால் ஒரு கேட்மியம் சல்ஃபைடு செல் இருக்கிறது. வெளிச்சம் கூடக்கூட அதன் மின்தடை குறையும். பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் இந்த செல் வழியாகப் போய், மேல்தட்டில் இருக்கும் கோசென் மீட்டரின் முள்ளைத் தள்ளும். அதே சன்னலில் இரண்டாவது முள் ஒன்று உண்டு. லென்ஸின் இருபுறமும் உள்ள அப்பர்ச்சர், ஷட்டர் டயல்களைத் திருப்பினால் இந்த இரண்டாவது முள் நகரும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்தால் எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழும் ஒளியின் அளவு, சரி. ஃபிலிம் வேகத்தை அப்பர்ச்சர் டயலின் முகப்பில் ஏஎஸ்ஏ (இன்றைய ஐஎஸ்ஓ) 25 முதல் 1600 வரை வைக்கலாம்.

டயலைத் திருப்பும்போது இரண்டாவது முள் நகர்கிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். அது பேட்டரியே இல்லாமலும் நகர வேண்டும். நகரவில்லை என்றால் கோளாறு மின்சாரத்தில் இல்லை, இயந்திர இணைப்பில் இருக்கிறது. அதை மேசையில் வைத்துச் சரிசெய்ய முயலாதீர்கள்.

இந்த மீட்டருக்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும் வரை அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். உறைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ போட்டு இருட்டில் வைத்தால் செல்லின் தடை மிகவும் உயர்ந்து, மின்னோட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். அலமாரியில் அழகுக்காகத் திறந்து வைத்திருந்த கேமராவில் பேட்டரி காலியாகியிருப்பது இயல்பான விஷயம். அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

வடிவமைப்பில் பெரிய குறை என்றால், பேட்டரி அறை ஃபிலிம் அறைக்குள் இருப்பதுதான். ஃபிலிம் பாதியில் இருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் மாற்ற வழியில்லை. பின்மூடியைக் கழற்றினால் எடுத்த படங்கள் போகும். ஆகவே ஃபிலிம் போடும் ஒவ்வொரு முறையும், போடுவதற்கு முன்பே முள் சரியாக நகர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பேட்டரிதான் பாதிச் சிக்கல்

இந்த மீட்டர் பிஎக்ஸ் 625 என்ற பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அதன் மின்னழுத்தம் 1.35 வோல்ட். தீரும் தறுவாய் வரை அந்த 1.35-ஐ விட்டு நகராமல் நிற்பதுதான் பாதரச பேட்டரியின் சிறப்பு. அதை நம்பித்தான் அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சர்க்யூட்டே இல்லாமல் மீட்டரைச் செய்தார்கள். பாதரசத்தின் நச்சுத்தன்மையால் இந்த பேட்டரிகளின் விற்பனை நின்றுபோனது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவுகட்டியது. கேமராவுக்குள் பழைய பாதரச பேட்டரி இன்னும் இருந்தால் கையுறை போட்டு எடுத்து, நச்சுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.

அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 625-ஐப் போட்டால் முள் துள்ளி எழும், மீட்டர் நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் அது சொல்லும் அளவு தவறு. புது ஆல்கலைன் 1.5 வோல்ட். மின்னழுத்தம் கூடினால் முள் கூடுதலாக நகரும். இருப்பதைவிட வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் சொல்லும், நீங்கள் அப்பர்ச்சரைக் குறுக்குவீர்கள், நெகட்டிவ் வெளுத்து நிழற்பகுதிகளில் விவரமே இல்லாமல் வரும். கேடு அதோடு முடிவதில்லை. பயன்படுத்தப் பயன்படுத்த ஆல்கலைனின் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது 1.35-ஐத் தொட்டு, பிறகு அதற்கும் கீழே போகும். அப்போது பிழை எதிர்ப்பக்கம் திரும்பி ஓவர் எக்ஸ்போஷர் ஆகும். ஏஎஸ்ஏ டயலில் எந்தத் திருத்தம் வைத்தாலும் இதைப் பிடிக்க முடியாது. ரோலை 35-க்கு ஆல்கலைன் வேண்டாம் என்பதை உறுதியாகவே சொல்லலாம்.

1.35-க்கும் 1.5-க்கும் உள்ள வேறுபாடு பதினொரு சதவீதம்தானே, அதனால் என்ன என்று கேட்கலாம். பிழை எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மங்கலான இடத்தில் செல்லின் தடை மிக அதிகம். சர்க்யூட்டில் உள்ள மற்றத் தடைகள் அதன் முன்னே ஒரு பொருட்டே இல்லை. அங்கே பிழை கால் ஸ்டாப் அளவில் அடங்கிவிடும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது). நல்ல வெயிலில் செல்லின் தடை சரிந்துவிடுவதால் சர்க்யூட்டின் நிலையான தடைகள் மேலோங்கும். வெளிச்சம் எவ்வளவு மாறினாலும் முள் கொஞ்சமே நகரும். அந்த இடத்தில் மின்னழுத்தம் தரும் சிறு தள்ளுதலும் முக்கால், ஒரு ஸ்டாப் பிழையாகிவிடும். வீட்டுக்குள் சோதித்துப் பார்த்து 'மீட்டர் துல்லியம்' என்று சொல்பவரின் வெயில் படங்கள் மட்டும் அச்சில் கறுத்து வருவதற்குக் காரணம் இதுதான்.

சரியான மின்னழுத்தம் கொடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் முதல் இடம் டயோடு உள்ள அடாப்டருக்குத்தான். எம்ஆர் 9 என்ற பெயரில் கிடைக்கும் அடாப்டர், பிஎக்ஸ் 625-இன் வடிவத்திலேயே கடைந்த ஓர் உலோகக் கிண்ணம். அதற்குள் எஸ்ஆர் 43 சில்வர் ஆக்சைடு பேட்டரி உட்காரும். சில்வர் பேட்டரியின் 1.55 வோல்ட்டை உள்ளே உள்ள சிறு டயோடு 1.35 அளவுக்குக் குறைக்கும். சில்வர் ஆக்சைடும் கடைசி வரை மின்னழுத்தம் தளராத வகை என்பதால் இந்தச் சேர்க்கை நம்பகமானது. ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். மின்னோட்டம் குறையும்போது டயோடு குறைக்கும் அளவும் குறையும். மிக மங்கிய ஒளியில் அது முழு 0.2 வோல்ட்டையும் கழிக்காது. ஆனால் மேலே சொன்னபடி மங்கலில் மின்னழுத்தப் பிழையின் விளைவே சிறிது என்பதால் நடைமுறையில் தொல்லை இல்லை. வாங்கும்போது டயோடு உள்ளதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வெற்று வளையங்களும் விற்கின்றன. அவை பேட்டரியை நடுவில் பிடித்து வைக்குமே தவிர மின்னழுத்தத்தைக் குறைக்காது.

இரண்டாவது வழி ஸிங்க்-ஏர் பேட்டரி. காதுக் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி ஏறக்குறைய 1.4 வோல்ட் தரும், கடைசி வரை சீராகவே தரும். குறுக்களவு 11.6 மி.மீ., உயரம் 5.4 மி.மீ. பிஎக்ஸ் 625-இன் குறுக்களவு ஏறக்குறைய 16 மி.மீ., உயரம் 6 மி.மீ. சொச்சம். எனவே சுற்றிலும் ஒரு ரப்பர் ஓ-ரிங்கும், உயரத்துக்கு மடித்த அலுமினியத் தாளோ மெல்லிய பித்தளைத் தகடோ வேண்டும். தகடு பேட்டரியின் மேல்முகத்தையும் பக்கச் சுவரையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகிவிடும், கவனம். பேட்டரியில் ஒட்டியிருக்கும் வில்லையை உரித்ததும் ஐந்து நிமிடம் காற்றில் வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். உள்ளே இருக்கும் துத்தநாகம் ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் முழு மின்னழுத்தம் வரும். காற்றுத் துளைகளை அலுமினியத் தாளால் மூடிவிடாதீர்கள். இதன் குறை ஆயுள்தான். உரித்த கணத்திலிருந்தே, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், அது உலரத் தொடங்கும். வாரக் கணக்கிலிருந்து ஓரிரு மாதம் வரை தாங்கும். பேட்டரி ஃபிலிம் அறைக்குள் இருக்கும் இந்தக் கேமராவில் அது பெரிய இடைஞ்சல், ஏனென்றால் ஃபிலிம் நடுவில் இருக்கும்போதே அது செத்துப்போகலாம். மெதுவாகப் படம் எடுப்பவர்களுக்கு இது ஒத்துவராது. மீட்டர் சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை சோதிப்பதற்கு மட்டும் இதைவிட எளிய வழி இல்லை.

வீன் செல் என்ற பெயரில் வரும் 1.35 வோல்ட் பேட்டரியும் ஸிங்க்-ஏர் வகைதான். அளவு அப்படியே பொருந்தும், வளையம் வேண்டாம். ஆயுள் மட்டும் அதே கதை.

மூன்றாவது, மீட்டரையே 1.55 வோல்ட்டுக்குத் திருத்திவிடுவது. கேமராவை எப்படியும் சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதுவே நிரந்தரத் தீர்வு. இதற்காக மட்டும் திறக்கச் சொல்வது வீண்.

முள் அசையவே இல்லை என்றால்

பேட்டரி சரி, ஆனாலும் முள் அசையவில்லை. இப்போது பேட்டரி அறையைப் பாருங்கள். வெண்பொடியோ பச்சை-நீலப் படிவோ இருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. கசிவது காரப் பொருள் என்பதால் அதை நீக்க மென்மையான அமிலம் வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுப் படிவின்மேல் தேயுங்கள். பொடி கரையும்போது சிறு நுரை எழலாம். பிறகு சுத்தமான நீரில் பிழிந்த பஞ்சு, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால். குச்சி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. சமையல் சோடாவைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது அமிலக் கசிவுக்கான மருந்து. இங்கே பயன் தராது. மூடியின் உட்பக்கத்தையும் அதன் மரைகளையும் மறக்க வேண்டாம், மின்னோட்டம் அந்த வழியாகவும் போக வேண்டியிருக்கிறது. மங்கிய தொடுமுனையைக் கடினமான அழிப்பானால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கலாம். உப்புத்தாள் வேண்டாம். மேற்பூச்சு போய்விட்டால் அடுத்த முறை இன்னும் விரைவில் அரிக்கும்.

சுத்தம் செய்தும் முள் எழவில்லை என்றால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது தொடுமுனையிலிருந்து உள்ளே போகும் ஒயர். கசிவு ஒயரின் உறைக்குள் ஊர்ந்து செம்பைக் கருக்கிவிடும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும், உள்ளே இற்றுப்போயிருக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. அதைச் சுரண்டிச் சால்டர் செய்வதைவிடப் புது ஒயர் போடுவதே முறை. இதற்குக் கேமராவைத் திறக்க வேண்டும். ரோலை 35-இன் உள்ளே இடம் மிக நெருக்கம், மீட்டருக்குப் போகும் ஒயர்கள் மிக மெல்லியவை. சின்ன ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் கையில் பழகாதவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து மீட்டர் சுருளை நேராக அளக்காதீர்கள். ஓம் நிலையில் மல்டிமீட்டர் தானே மின்னோட்டம் செலுத்தும். குறைந்த வரம்பில் அது ஒரு மில்லி ஆம்பியர் வரைகூடப் போகலாம். இந்தச் சுருள் மைக்ரோ ஆம்பியர்களில் முழு வீச்சும் நகரக்கூடியது. முள் கடைசி முனையில் போய் அறைந்து வளையும். செல்லை அளப்பதில் இந்த ஆபத்து இல்லை, ஆனால் அதன் ஒரு காலைச் சர்க்யூட்டிலிருந்து கழற்றிவிட்டு அளக்க வேண்டும். நல்ல செல் வெயிலில் சில நூறு ஓமுக்கோ ஓரிரு ஆயிரத்துக்கோ இறங்கும்; முழு இருட்டில் சற்று நேரம் வைத்தால் பல லட்சம் ஓமுக்கு மேல் ஏறும். விரலால் மறைத்தால் அளவு மாறவே இல்லை என்றால் செல் போய்விட்டது.

முள் எழுகிறது, ஆனால் சொல்வது சரியில்லை

இது நுட்பமான பகுதி. முள்ளின் இயக்கத்தையும் செல்லின் நிலையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் செல் சன்னலை விரலால் முழுக்க மூடுங்கள். முள் தொடக்க நிலைக்குத் திரும்ப வேண்டும். விரலை எடுத்தால் தயங்காமல் எழ வேண்டும். நடுவழியில் நின்று, மேல்தட்டை விரல் நகத்தால் மெல்லத் தட்டியதும் மறுபடி நகர்ந்தால், முள் எங்கோ உரசுகிறது. காந்தத்தின் இடைவெளியில் சிக்கிய நுண்ணிய இரும்புத் துகள், அல்லது கீழே விழுந்ததில் இடம் பெயர்ந்த அச்சு காரணமாக இருக்கலாம். அடுத்து, விரலால் மூடியபடியே கேமராவை நிமிர்த்தி, படுக்கவைத்து, தலைகீழாக்கிப் பாருங்கள். சமநிலை சரியாக உள்ள முள் எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். புவியீர்ப்பின் பக்கம் சரிந்தால் அச்சிலோ சுருள் வில்லிலோ கோளாறு. இவை இரண்டும் கடிகாரப் பழுதுபார்ப்புக்கு ஒப்பான வேலைகள், வீட்டில் வேண்டாம்.

இதில் ஒரு போலிக் கோளாறும் உண்டு, பலரை ஏமாற்றுவது. மீட்டர் சன்னலை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறும். முள் அதனால் ஈர்க்கப்பட்டு எக்கச்சக்கமான இடத்தில் போய் நிற்கும். சன்னலின்மேல் வாயால் ஒரு முறை ஆவி ஊதுங்கள். ஈரம் அந்த மின்சாரத்தைக் கலைத்துவிடும், முள் தன் இடத்துக்கு வந்துவிடும். காற்று வறண்ட நாட்களில் இது அடிக்கடி நடக்கும்.

முள் தங்குதடையின்றி நகர்கிறது என்று தெரிந்த பிறகே துல்லியத்தைச் சோதிக்க வேண்டும். சீராக ஒளி விழும் ஒரே நிறச் சுவரோ பெரிய அட்டையோ போதும். சுவரை முழுக்க நிரப்பும் தூரத்தில் நின்று, அதே இடத்தை டிஜிட்டல் கேமராவாலும் அளந்து ஒப்பிடுங்கள். ஐஎஸ்ஓ இரண்டிலும் 100. மூன்று வெளிச்ச நிலைகளில் செய்ய வேண்டும்: நேர் வெயில், அதாவது எஃப் 16-இல் 1/125 வரும் அளவு; நிழல், எஃப் 8-இல் 1/60; அறைக்குள் சன்னலோரம், எஃப் 4-இல் 1/30. இந்த மூன்றும் மும்மூன்று ஸ்டாப் இடைவெளியில் இருப்பவை. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கேட்மியம் சல்ஃபைடு செல்லுக்குச் சற்று நேரம் கொடுங்கள். அதற்கு நினைவு உண்டு. வெயிலில் இருந்துவிட்டு மங்கலான அறைக்குள் வந்தால் அது உண்மையைச் சொல்ல அரை நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். வந்த கையோடு அளப்பதால் வரும் தவறை மீட்டரின் பழுதாகக் கணக்கிடக் கூடாது. வெளியே படம் எடுக்கும்போதும் கேமராவைச் சற்றுக் கீழே சாய்த்து, வானம் செல்லில் விழாமல் அளக்கப் பழகுங்கள்.

மூன்று நிலையிலும் பிழை ஒரே அளவாக இருந்தால் அதைப் பொருட்படுத்தவே வேண்டாம். எல்லா இடத்திலும் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகக் காட்டினால், 400 ஃபிலிமுக்கு ஏஎஸ்ஏ டயலை 200-இல் வையுங்கள். குறைவாகக் காட்டினால் 800. வேலை முடிந்தது. வெயிலில் ஒரு ஸ்டாப் கூடுதல், நிழலில் சரி என்று வந்தால் முதலில் பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சந்தேகியுங்கள். சரியான 1.35 வோல்ட் கொடுத்தும் ஒரு முனையில் கூடுதலாகவும் மறு முனையில் குறைவாகவும் காட்டுகிறது என்றால் செல் மூப்படைந்துவிட்டது. எந்த ஒரு டயல் திருத்தமும் அதற்கு ஈடாகாது. நடுத்தர வெளிச்சத்தில் மட்டும் நம்பலாம். கலர் நெகட்டிவ் ஃபிலிம் ஓவர் எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் வரை தாங்கும், ஆகவே சந்தேகம் வந்தால் கூடுதலாகக் கொடுப்பது பாதுகாப்பு. ஸ்லைடு ஃபிலிமுக்கு இந்த மீட்டரோடு போகாதீர்கள். அங்கே அரை ஸ்டாப் தவறுக்கே படம் கெடும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. மீட்டர் சரியாகச் சொல்லியும் படங்கள் வெளிறியோ கறுத்தோ வரலாம், குற்றவாளி ஷட்டராக இருந்தால். 1/2, 1/4, 1/8 வேகங்களை அடுத்தடுத்து வைத்து ஒலியைக் கேளுங்கள். ஒவ்வொன்றும் முன்னதில் பாதியாக ஒலிக்க வேண்டும். இழுத்துக்கொண்டே போனாலோ நடுவில் நின்றாலோ உள்ளே உள்ள மசகு இறுகிவிட்டது. பணத்தை மீட்டருக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழியுங்கள். மீட்டர் இல்லாத ரோலை 35 நல்ல கேமரா. ஷட்டர் ஓடாத ரோலை 35-ஆல் எந்தப் பயனும் இல்லை.

மீட்டரை விட்டுவிட்டால்

செல் போனது உறுதி என்றால் ஃபோனில் உள்ள லைட் மீட்டர் ஆப் போதுமானது. படம் எடுக்கும் இடத்தில் ஒரு முறை வெயிலையும் ஒரு முறை நிழலையும் அளந்து நினைவில் வைத்துக்கொண்டால், வெளிச்சம் மாறும் வரை மறுபடி அளக்கத் தேவையில்லை. தெளிந்த வெயிலில் அப்பர்ச்சர் 16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் உள்ளது என்ற பழைய விதி இந்தக் கேமராவுக்கு இயல்பாகப் பொருந்தும், ஏனென்றால் டயல்கள் இரண்டும் முன்னாலேயே, மேலிருந்து படிக்கும்படி இருக்கின்றன. கேமராவை எடுக்கும் முன்பே எல்லாவற்றையும் வைத்துவிடலாம். ஃபிளாஷ் பொருத்தும் 'ஷூ'வில் செருகும் சிறு மீட்டர்களை மட்டும் இதற்கென்று வாங்கிவிடாதீர்கள். ரோலை 35-இன் ஃபிளாஷ் ஷூ கேமராவின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. மீட்டர் தலைகீழாகத் தொங்கும்.

எந்த ரோலை, அல்லது வேறு எது

டெஸ்ஸார் உள்ள மூல 35, அதன் பெயர் மாறிய வடிவமான 35 டி, சோனார் உள்ள 35 எஸ் ஆகிய மூன்றிலும் மேலே சொன்ன முள் மீட்டர்தான். ஜெர்மனியில் செய்ததா, சிங்கப்பூரில் செய்ததா என்று மீட்டரைப் பொறுத்தவரை அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை. பேட்டரி அறை சுத்தமாக இருப்பதே முக்கியம். பின்னர் வந்த எஸ்இ, டிஇ மாடல்களில் முள் போய், வியூஃபைண்டருக்குள் எல்இடி விளக்குகள் வந்தன. பேட்டரியும் 5.6 வோல்ட் பிஎக்ஸ் 27 ஆனது. கண்ணை எடுக்காமல் அளவு பார்க்கலாம் என்பது உண்மையான வசதி. ஆனால் எலக்ட்ரானிக் பலகை செத்தால் அதை உயிர்ப்பிப்பது முள் மீட்டரைவிடக் கடினம். ஷட்டர் அவற்றிலும் இயந்திரமே என்பதால் மீட்டர் இல்லாமலும் படம் எடுக்கும். மீட்டர் போன எஸ்இ-க்குக் கூடுதல் விலை கொடுக்கக் காரணம் எதுவும் இல்லை. பி 35-இல் செலினியம் மீட்டர். பேட்டரியே வேண்டாம், ஆனால் லென்ஸ் மூன்று கண்ணாடி ட்ரையோடார், செல் செத்தால் மாற்றுவதும் எளிதில்லை. சி 35-இல் மீட்டரே கிடையாது, பழுதாகவும் வழியில்லை.

மற்றச் சிறிய கேமராக்களில் மீட்டர் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தால் ரோலையின் அருமை விளங்கும். ஒலிம்பஸ் ட்ரிப் 35-இல் லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் செல்தான் அப்பர்ச்சரையும் 1/40, 1/200 என்ற இரு வேகங்களில் ஒன்றையும் தேர்ந்தெடுக்கிறது. செல் செத்தால் ஆட்டோவில் எப்போதும் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் பூட்டிக்கொள்ளும். பிறகு எஞ்சுவது 1/40 ஒன்றுதான். நல்ல வெயிலில் 400 ஃபிலிமோடு அது அப்பர்ச்சர் 22-இலும் ஓவர்தான். ட்ரிப்பில் மீட்டரைக் குறை சொல்லும் முன் அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவைத் திறந்து, ரிங்கை 2.8-இலும் 22-இலும் வைத்து ஷட்டரை அழுத்தினால் துளையின் அளவு மாற வேண்டும். மாறவில்லை என்றால் மீட்டர் குற்றமற்றது. ஒலிம்பஸ் எக்ஸ்ஏ-வில் ஷட்டரே மீட்டர் சர்க்யூட்டை நம்பி ஓடுவது; அது போனால் எல்லாம் போகும். யாஷிகா எலக்ட்ரோ 35 பேட்டரி இல்லாமல் 1/500-இல் மட்டும் இயங்கும். கேனனெட் க்யூஎல் 17 ஜி 3-இல் மேனுவல் முழுமையாக இருக்கிறது, மீட்டர் போனாலும் பயன்படும். அந்த வகையில் ரோலைக்கு ஈடு சொல்லத்தக்கது அதுவே. ஆனால் சட்டைப் பையில் அடங்காது.

சர்வீஸுக்குக் கொடுப்பதென்றால் இரண்டைத் தெளிவாகக் கேளுங்கள். எந்த மின்னழுத்தத்துக்கு மீட்டரைத் திருத்தப் போகிறார்கள், 1.35-க்கா 1.55-க்கா? எத்தனை வெளிச்ச நிலைகளில் சோதிப்பார்கள்? ஒரே நிலையில் மட்டும் சரிபார்த்துக் கொடுப்பது திருத்தம் ஆகாது. குறைந்தது இரண்டு, நியாயமாக மூன்று வேண்டும். 1.55-க்குத் திருத்தி வாங்கினால் அதன்பின் டயோடு அடாப்டரைப் போடக் கூடாது. போட்டால் மீட்டர் குறைத்துக் காட்டும், படங்கள் ஓவர் ஆகும். எந்த மின்னழுத்தம் என்பதை ஒரு சிறு துண்டு ஒட்டுத்தாளில் எழுதி, ஃபிலிம் போகும் பாதையில் படாதபடி பின்மூடியின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்து இந்தக் கேமரா யார் கைக்குப் போனாலும் பேட்டரி மாற்ற அந்த மூடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.